அம்மா போட்ட சீட்டும், நான் போட்ட சீட்டும்!

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் 'சீட்டு' என்ற வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். சொன்னால் அம்மா திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்கும் சக்தி எனக்குக் கிடையாது.

காரணம் இருக்கிறது. 2020. ஊரடங்கு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நாய்கூடப் படுக்காத காலம். அம்மா மாதா மாதம் ஐயாயிரம் கட்டி, தள்ளு போக எடுத்து வைத்திருந்த ஏலச்சீட்டுப் பணம் என் கணக்கில் இருந்தது. அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் செய்ய. நானோ வீட்டில் உட்கார்ந்து மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் போன். போனில் ரம்மி.

அம்மா போட்டது ஒரு சீட்டு. நான் போட்டது இன்னொரு சீட்டு. இரண்டு மாதத்தில் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், சார்! ஆரம்பத்தில் இருநூறு, முந்நூறு ஜெயித்தேன். 'ஆஹா, நமக்குள்ளே இப்படி ஒரு மூளையா!' என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அப்புறம் ஃபுல் கவுண்ட் மேல் ஃபுல் கவுண்ட். விட்டதைப் பிடிக்கப் போய், பிடித்ததையும் விட்டு... மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பணத்தைத் திருப்பிக் கட்ட பதினாலு மாதம் ஆயிற்று. அம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டம். "சரி, விடுப்பா" என்றார். அதன் பிறகு ஒரு வருஷம், நான் போனை எடுத்தாலே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட நான் இப்போது மறுபடியும் போனில் சீட்டு ஆடுகிறேன் என்றால் நம்புவீர்களா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

வேலை விஷயமாக வாரத்தில் இரண்டு நாள் நான் கல்வராயன் மலைக்குப் போக வேண்டும். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கம் போய் மலை ஏறி, பெரியார் அருவி, கரியாலூர், அப்புறம் வெள்ளிமலை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது 'இனி எல்லாம் பக்கத்திலேயே' என்று சந்தோஷப்பட்டோம். மாவட்டம் பக்கத்தில் வந்தது. மலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. வளைவுக்கு வளைவு பஸ் மூச்சு வாங்கும். நாலாவது வளைவில் போனில் டவர் போய்விடும். டவர் போனால் என்ன செய்வது? பக்கத்து சீட்டுப் பெரியவரின் கடுக்காய் மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான்.

அப்போதுதான் அக்கா மகன் (சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கிறான்) என் போனை வாங்கி ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். "மாமா, நெட் வேணாம். ஒரு தடவை காசு கட்டி வாங்கினா போதும். அப்புறம் ஒரு பைசா கேக்காது."

"என்ன கேம்டா?"

"சீட்டு மாமா..."

போனைத் தூக்கி எறியப் போனேன். பாவி, கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தச் சீட்டு இல்ல மாமா. இதுல கட்டே நாமதான் செய்யணும்!"

விளையாட்டின் பெயர் 'ஸ்லே தி ஸ்பையர்'. ஆந்தோணி ஜியோவனெட்டி, கேஸி யானோ என்று இரண்டு பேர். 'மெகா கிரிட்' என்று அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு சின்னக் கம்பெனி. 2017 நவம்பரில் பாதி வேக்காட்டில் கடைக்கு விட்டு, ஆடியவர்களின் கணக்கையெல்லாம் சேகரித்து, எந்தச் சீட்டை எத்தனை பேர் எடுத்தார்கள், எடுத்தவர்களில் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தி, 2019 ஜனவரியில் முழுசாக வெளியிட்டார்கள். ஆண்ட்ராய்டு போனுக்கு வந்தது 2021-ல்.

கதை சிம்பிள். ஒரு கோபுரம். ஏற வேண்டும். வழியெல்லாம் அரக்கர்கள். நம் ஆயுதம் வாளோ துப்பாக்கியோ இல்லை, சீட்டுதான். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று புதுச் சீட்டு காட்டுவார்கள். ஒன்றை எடுத்து நம் கட்டில் சேர்த்துக்கொள்ளலாம். செத்தால் கட்டும் போச்சு, கோபுரமும் போச்சு. மறுபடியும் கீழேயிருந்து. பஸ் ரிவர்ஸ் எடுத்து கச்சிராயபாளையத்துக்கே திரும்பியது மாதிரி.

நம் ஆள்களுக்கு இது புதுசு மாதிரித் தோன்றும். நிஜத்தில் நாம் எல்லாருமே சின்ன வயதில் கொஞ்சம் ஆடியிருக்கிறோம். தொண்ணூறுகளில் மல்யுத்த டிரம்ப் கார்டு வைத்துக்கொண்டு அண்டர்டேக்கருக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டவர்கள் கையைத் தூக்கவும். அதே காலத்தில், 1993-ல், அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணக்கு வாத்தியார் 'மேஜிக்: தி கேதரிங்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் சீட்டை வாங்கிச் சேர்த்து, வீட்டிலேயே கட்டைத் தயார் செய்துகொண்டு சண்டைக்குப் போவார்கள். 2008-ல் டொனால்ட் வக்காரினோ என்பவர் 'டொமினியன்' என்று ஒரு ஆட்டம் செய்தார். கட்டு செய்வதே ஆட்டம், தனியாகச் சண்டை கிடையாது. இந்த இரண்டு வழியையும் பிடித்துக்கொண்டு, ஆள் ஒருத்தராகவே ஆடுகிற மாதிரி செய்ததுதான் நம் கோபுர விளையாட்டு.

ரம்மியில் யாரோ குலுக்கிப் போட்ட பதின்மூன்று சீட்டை வைத்துக்கொண்டு நாம் மாரடிக்கிறோம். 1967-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட், 'ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறமையும் வேண்டும்' என்று சொன்னதைத்தான் ஆன்லைன்காரர்கள் பல வருஷம் கேடயமாகப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் தடை, 2021-ல் ஹைகோர்ட்டில் அது ரத்து, மறுபடி சட்டம், மறுபடி வழக்கு என்று இழுத்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று சொல்லிவிட்டது. ரம்மியில் திறமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எதிராளியிடம் இருந்தது.

*

கோபுரம் ஏற நாலு பேர் இருக்கிறார்கள். ஐயன்கிளாட், சைலண்ட், டிஃபெக்ட், வாட்சர். நான் பிடித்துக்கொண்டது சைலண்ட். எலும்பு முகமூடி மாட்டிய பெண் வேட்டைக்காரி. பேச மாட்டாள். விஷம் வைப்பாள். (வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். அவளும் அன்று முழுக்கப் பேசவில்லை!)

ஆரம்பத்தில் அவள் கையில் பன்னிரண்டு சீட்டு. ஐந்து 'ஸ்ட்ரைக்', போட்டால் 6 அடி. ஐந்து 'டிஃபெண்ட்', போட்டால் 5 தடுப்பு. ஒரு 'சர்வைவர்', 8 தடுப்பு தந்து கையிலிருந்து ஒரு சீட்டைக் கழிக்கச் சொல்லும். ஒரு 'நியூட்ரலைஸ்', செலவே இல்லாமல் 3 அடி அடித்து எதிரியைக் கொஞ்சம் பலவீனமாக்கும். உயிர் 70. ஒரு சுற்றுக்கு ஐந்து சீட்டு, மூன்று சக்தி. முதல் சுற்றில் மட்டும் அவள் பாம்பு மோதிரத்தின் புண்ணியத்தில் ஏழு சீட்டு.

முதல் மாதம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மூன்று சீட்டு காட்டினால் ஒன்றை எடுத்தே தீருவேன். ஓசியில் கொடுக்கிறானே, விடலாமா? கல்யாண வீட்டில் இரண்டு தாம்பூலப்பை வாங்குகிற பரம்பரை அல்லவா! கோபுரத்தின் பாதியிலேயே என் கட்டில் முப்பது சீட்டுக்கு மேல். எல்லாமே நல்ல சீட்டு. ஆனால் செத்துக்கொண்டே இருந்தேன்.

ஏன் என்று ஒருநாள் ஆபீஸ் பேப்பரில் கணக்குப் போட்டேன். கட்டில் ஒரே ஒரு அருமையான சீட்டு இருக்கிறது என்று வையுங்கள். முதல் இரண்டு சுற்றில் நான் பார்ப்பது 7-ம் 5-ம் பன்னிரண்டு சீட்டு. கட்டு 30 என்றால் அது அந்தப் பன்னிரண்டில் வர நூற்றுக்கு 40 வாய்ப்பு. கட்டு 15 என்றால் 80! நான் சேர்த்த ஒவ்வொரு நல்ல சீட்டும், என்னிடம் இருந்த மிக நல்ல சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

இதற்கு மேல் ஒரு படி, இருப்பதைக் கழற்றுவது. வழியில் கடைக்காரன் இருப்பான். 75 பொன் கொடுத்தால் நம் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் தூக்கி எறிந்து தருவான். அடுத்த தடவை 100, அப்புறம் 125. விவரமானவன். எறியக் காசு வாங்குகிற கடையை நான் இங்கேதான் பார்த்தேன்.

எதை எறிவது என்பதில்தான் எனக்குக் குழப்பம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஆபீஸ் போகிற வழியில் ஒரு பட்டறை உண்டு. டீ குடிக்கிற சாக்கில் அங்கே நிற்பேன். ஒருநாள் அங்கிருந்த பெரியவரிடம் என் ஞானத்தைக் காட்டினேன். "வேண்டாததை எடுத்துட்டா மிச்சம் சிலைதானே, ஐயா?"

உளியை நிறுத்தாமல் சொன்னார்: "எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்றாங்க. எடுக்கிறது ஈஸி. எதை எடுக்கக் கூடாதுன்னுதான் கஷ்டம். மூக்குப் போச்சுன்னா பசை போட்டு ஒட்ட முடியுமா?"

அன்று காலைதான் நான் 'கட்டைச் சின்னதாக்குகிறேன் பேர்வழி' என்று இரண்டு டிஃபெண்டை எறிந்துவிட்டு, இரண்டாவது கட்டத்தில் அடி தாங்காமல் செத்திருந்தேன். மூக்கை எடுத்தவன் நான்தான். சைலண்டுக்கு முதலில் கழற்ற வேண்டியது ஸ்ட்ரைக். விஷம் வந்த பிறகு அந்த 6 அடி எதற்கும் உதவாது. டிஃபெண்ட் கடைசி வரை சோறு போடும். அதிலும் 'ஃபுட்வொர்க்' என்று ஒரு சீட்டு வந்துவிட்டால், தடுப்பு தரும் ஒவ்வொரு சீட்டுக்கும் 2 கூடும். ஐந்து ஏழாகும். இரண்டு ஃபுட்வொர்க் என்றால் ஒன்பது. சாதா டிஃபெண்டுக்கே கிரீடம் வைத்த மாதிரி.

*

விஷத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவசரப்படாமல் படியுங்கள்.

எதிரிக்கு 10 விஷம் வைத்தால், அவன் முறை வரும்போது 10 உயிர் போகும், விஷம் 9 ஆகும். அடுத்த முறை 9 போகும். அப்படியே 8, 7, 6... மொத்தம் 55. அவன் எவ்வளவு தடுப்புப் போட்டாலும் விஷம் உள்ளே போய்விடும். 'டெட்லி பாய்சன்' ஒரு சக்திக்கு 5 விஷம். இரண்டு போட்டால் 10. அதன் மேல் 'கேட்டலிஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. விஷத்தை இரண்டு மடங்காக்கும். நெருப்பு மூட்டிய இடத்தில் (அங்கே தூங்கி உயிர் ஏற்றலாம், அல்லது ஒரு சீட்டைத் தீட்டலாம், இரண்டில் ஒன்று) அதைத் தீட்டினால் மூன்று மடங்கு! 10 என்பது 30. மொத்தமாக ஓடவிட்டால் 465 உயிர். மூன்றே சீட்டு!

இன்னொன்று 'நாக்ஷியஸ் ஃப்யூம்ஸ்'. ஒரு தடவை போட்டால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் எல்லா எதிரிக்கும் 2 விஷம் தானாக ஏறும். 2 உயிர், 3, 4, 5 என்று கந்துவட்டி மாதிரி கூடிக்கொண்டே போகும். பத்துச் சுற்றில் 65. தீட்டிவிட்டால் சுற்றுக்கு 3 விஷம். ஒன்றுதானே கூடுதல் என்று நினைக்காதீர்கள். 3, 5, 7, 9... பத்துச் சுற்றில் 120! இந்தக் கணக்கை நான் கரியாலூர் வளைவில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

'அப்படியானால் விஷமாகவே சேர்த்துவிடலாமே' என்று கிளம்பினீர்களோ, முதல் கட்டத்திலேயே 'கிரெம்லின் நாப்' என்று ஒரு தடியன் நிற்பான். நாம் தாக்குதல் சீட்டு தவிர்த்து வித்தைச் சீட்டு எதைப் போட்டாலும் அவனுக்குக் கோபம் வந்து பலம் ஏறும். டிஃபெண்டும் வித்தை, டெட்லி பாய்சனும் வித்தை! அவனிடம் விஷக்கட்டோடு போவது, மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது மாதிரி. ஆகவே முதல் கட்டத்தில் கனவெல்லாம் வேண்டாம். பச்சையாக அடிக்கிற சீட்டு இரண்டு மூன்று எடுங்கள். 'டேகர் த்ரோ' 9 அடி அடித்துச் சீட்டும் எடுத்துத் தரும். 'டாஷ்' 10 அடியும் 10 தடுப்பும். நாளைக்கு வேலைக்காரனாக ஆகப்போகிற சீட்டைவிட இன்றைக்கு உயிர் காப்பாற்றுகிற சீட்டு முக்கியம். பிறகு, 'அக்ரோபாட்டிக்ஸ்', 'பேக்ஃபிளிப்' என்று சீட்டு எடுத்துத் தருகிற சீட்டுகள். இவை கட்டை மெலிதாக்குகிற வேலையை ஓசியில் செய்யும்.

'கத்திக் கட்டு' என்று இன்னொரு வழியும் உண்டு. 'பிளேடு டான்ஸ்' போட்டால் செலவில்லாத மூன்று குட்டிக் கத்தி கைக்கு வரும், ஒவ்வொன்றும் 4 அடி. 'ஆக்யூரசி' போட்டால் ஒவ்வொன்றும் 8. பார்க்க அமர்க்களமாக இருக்கும். எங்கள் அக்கா மகன் அந்தக் கட்சி. நான் விஷக் கட்சி. இருவரும் போனில் சண்டை போட்டுக்கொண்டதில் அக்கா, "தாய்மாமனும் மருமகனும் சொத்துச் சண்டையா போடறீங்க?" என்று கேட்டாள்.

*

என் மிகப் பெரிய தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். பெரியார் அருவி தாண்டும்போது மூன்றாவது கட்டத்தின் பாஸ் எதிரில். ஆபீஸ் பாஸ் இல்லை, 'டைம் ஈட்டர்'. உயிர் 456. நாம் பன்னிரண்டு சீட்டு போட்டதும் நம் முறையைப் பாதியில் வெட்டிவிட்டுப் பலம் ஏற்றிக்கொள்வான். (கத்திக் கட்சிக்காரர்களுக்கு எமன். மருமகனே, படிக்கிறாயா?) எனக்குப் பயமில்லை. நான் சுற்றுக்கு மூன்று நாலு சீட்டு போடுகிறவன். விஷத்தை ஏற்றினேன். கேட்டலிஸ்ட் போட்டேன். அவன் உயிர் பாதிக்குக் கீழே போயிற்று. தலைக்கு மேல் விஷம் நாற்பது சொச்சம். ஜெயித்துவிட்டேன் என்று கடுக்காய்ப் பெரியவரிடமே சொல்லிவிட்டேன்.

பாதிக்குக் கீழே போனால் அவன் ஒரு வேலை செய்வான் என்று எனக்குத் தெரியாது. விஷம், பலவீனம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, உயிரையும் மறுபடி பாதிக்கு ஏற்றிக்கொண்டான். 228! என் கேட்டலிஸ்ட்டோ ஒரு தடவை போட்டால் அந்தச் சண்டைக்குத் திரும்பி வராது. நாலே சுற்றில் என்னைத் தின்று ஏப்பம் விட்டான்.

"என்ன தம்பி, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் பெரியவர். முகம் அப்படி இருந்திருக்கிறது.

"ஒண்ணுமில்ல தாத்தா. இருந்த மருந்தையெல்லாம் முதல்லயே போட்டுட்டேன்."

"அடடா" என்றார், வயலுக்கு அடிக்கிற மருந்து என்று நினைத்து. "பாதி வெச்சிருக்கணும்ல."

சரியாகச் சொன்னார். இரண்டாம் கட்டத்து 'சாம்ப்' என்பவனும் பாதியில் இப்படித்தான் உதறுவான். 'அவேக்கன்ட் ஒன்' செத்து மறுபடி எழும்போது உதறுவாள். அவர்களுக்கெல்லாம் பாதி வரை சின்ன மருந்து, உதறிய பிறகு பெரிய மருந்து. 'வெல்-லெய்ட் பிளான்ஸ்' என்ற சீட்டு இருந்தால் கேட்டலிஸ்ட்டைக் கையிலேயே பிடித்து வைத்துக்கொண்டு நேரம் பார்த்துப் போடலாம். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று அவன் தலைக்கு மேலேயே காட்டுவது இந்த ஆட்டத்தின் பெரிய தர்மம். அடிக்கப்போகிறானா, எத்தனை அடி, எல்லாம் தெரியும். ரம்மியில் என் எதிராளிகள் இப்படித் தலைக்கு மேல் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அக்கா மகளுக்கு ஒரு பவுன் கூடவே போட்டிருப்பேன்.

*

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுத் திண்ணை. வழியில் மூன்று சாவி சேர்த்தால் மட்டும் திறக்கிற நாலாவது கட்டம். அங்கே கோபுரத்தின் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். உயிர் 750. நாம் போடும் ஒவ்வொரு சீட்டுக்கும் நம் உயிரிலிருந்து கொஞ்சம் குடிக்கும். என் கட்டில் பத்தொன்பதே சீட்டு. முக்கால் மணி நேரமாக ஆடிக்கொண்டிருந்தேன்.

பின்னால் நிழல். அம்மா.

"சீட்டா?"

வாயில் தண்ணி இல்லை எனக்கு. "ஆமாம்மா. ஆனா..."

"காசு வருமா?"

"வராதும்மா."

"போகுமா?"

"போகாது. அன்னைக்கு வாங்கினதோட சரி."

நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். பதினாலு மாதம் நான் மாதா மாதம் கொண்டுவந்து கொடுத்த பணத்தை எண்ணிப் பார்த்த அதே கண்ணாடி. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது என் உயிர், 9. இது அதன் உயிர், 34. பச்சையாக இருப்பது விஷம், 19. அடுத்து அது அடிக்கப்போகிற அடி நாற்பதுக்கு மேல்.

அம்மா விரல் விட்டு எண்ணினார். ஏலச்சீட்டில் இருபது வருஷம் தள்ளுக் கணக்குப் பார்த்தவர். "முப்பத்திநாலுல பத்தொன்பது போனா பதினஞ்சு. மறுபடி பதினெட்டு. செத்துடும்ல? அப்ப இந்த ஒரு அடியை நீ தாங்கினா போதும்."

"அதான்மா."

"தாங்கறதுக்கு என்ன வெச்சிருக்க?"

'ரெயித் ஃபார்ம்' வைத்திருந்தேன். மூன்று சக்தியும் அதற்கே போய்விடும். போட்டால் இரண்டு சுற்றுக்கு எவ்வளவு பெரிய அடியும் ஒன்றாகத்தான் இறங்கும். இரண்டு சுற்றாகக் கையிலேயே பிடித்து வைத்திருந்தேன். போட்டேன். அதற்கே ஒரு உயிரை இதயம் குடித்தது. 8. கையில் இன்னும் செலவில்லாத நியூட்ரலைஸ் ஒன்று இருந்தது. 3 அடி, பலவீனம். விரல் அதன் மேல் போனது.

"அது எதுக்கு?"

"சும்மா... செலவில்லைம்மா."

"போட்டா ஒரு உயிர் போகும்னியே. அதான் செலவு. போடாத. வை."

வைத்தேன். முறையை முடிக்கும் பொத்தானை அம்மாவே அழுத்தினார். பத்தொன்பது போயிற்று. நாற்பது சொச்சம் அடி வந்தது, ஒன்றாக இறங்கியது. 7. என் முறையில் நான் எதுவும் செய்யவில்லை. மறுபடி அம்மா அழுத்தினார். பதினெட்டு.

இதயம் வெடித்துச் சிதறியது. நான் "ம்மா!" என்று கத்தியதில் எதிர்வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே தெருவைப் பார்த்தார்.

"சீட்டுக்காரம்மா வர்றா. உன்கிட்ட சில்லறை இருந்தா இருநூறு எடு. ஐயாயிரத்துக்கு அதான் குறையுது."

'சீட்டு' என்று சத்தமாகவே சொன்னார்.